அத்தையைக் குளிப்பாட்டிய நாள்

அத்தையின் முதுகில் சோப்புத்தூளைக் கொட்டி, தரை கழுவுகிற பிரஷ்ஷால் வறக்வறக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் பெரியவள். காலை வெயிலே முதுகைச் சுட்டது. அத்தை என்பது பன்றி. உடம்பெல்லாம் கறுப்பு, இரண்டு காதும் கண்ணை மறைத்துத் தொங்கும் பழைய இனம். பெயர் வைத்தது சின்னவன், அவளுடைய தம்பி. அவர்களுக்கு ஓர் அத்தை இருந்தாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுப்படியை எட்டிப் பார்ப்பாள், பிறகு முனகுவாள், பிறகு இருப்பதிலேயே நல்ல இடமாகப் பார்த்துச் சாய்ந்துகொள்வாள். இந்தக் குட்டி வளர வளர அதே நடை, அதே முனகல், அதே இடம் பிடிக்கும் சாமர்த்தியம். "கறியாப் போறதுக்கெல்லாம் பேர் எதுக்கு?" என்று பெரியவள் அன்றைக்கே கேட்டாள். ஆனால் பெயர் அச்சாகப் பொருந்திவிட்டதால் அவள் வாயிலும் கடைசியில் அதுதான் வந்தது.

பெரியவளுக்குப் பிடித்தவர்கள் என்று உலகத்தில் யாரும் கிடையாது. பிடிக்காதவர்களில்தான் ஏற்ற இறக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து இறங்குகிறவர்களை அவள் அற்பப் பதர்கள் என்பாள். குட்டியைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொள்வார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்பிப் போகும்போது தொடைக்கறி எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்பதாவது பரவாயில்லை, கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், பன்றி காதில் விழுந்துவிடுமாம். அவர்களுக்கும் கீழே, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் கம்பெனிக் கொட்டகையில் வெள்ளைப் பன்றி வளர்ப்பவர்கள். "பன்னியா அது? தோல் சீவின முள்ளங்கி," என்பாள். அந்த முள்ளங்கிகள் ஆறு மாதத்தில் எடைக்கு வந்துவிடும். இவளுடைய கறுப்புகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் மண்ணைக் கிளறி, கிழங்கு தேடி, நிழல் தேடி, மனசு வந்தால். லாபம் வராத காரியத்தைச் செய்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு ராஜ கம்பீரம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களில் ஒருவனும் அவள் மதிப்புக்கு எட்டவில்லை. கடைசியாக வந்தவன் வேலியோரம் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினான். "மூக்கை வீட்டுல வச்சிட்டு வாங்க, பேசலாம்," என்று அனுப்பிவைத்தாள்.

எல்லாருக்கும் கீழ்த்தட்டில் சின்னவன் இருந்தான். நாற்பதைத் தாண்டியவன், முன்மண்டை வழுக்கை, நடந்தால் பூட்ஸ் தரையில் இழுபடும். பன்றிகளோடு பேசுவான். அவனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வாளி தண்ணீர்கூட நகராது. காலையில் எழுந்ததும் அவன் பெயரைச் சொல்லித் திட்டினால்தான் அந்த நாளுக்குப் பூட்டுத் திறந்த மாதிரி.

அந்தச் சின்னவன் போன வாரம், சாப்பிட்ட கை காய்ந்துகொண்டிருக்க, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"கம்பெனியில மேற்பார்வைக்கு ஆள் வேணும்னு கூப்பிடறாங்கக்கா."

"எந்தக் கம்பெனி? அந்த முள்ளங்கிக் கொட்டகையா?"

"ஆமா. தங்கறதுக்கு ரூம் தர்றாங்க. ஃபேன் இருக்கு."

"ஃபேன் பன்னிக்கா உனக்கா?"

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்துவிடுவான். "பதிவு கிடைச்சா இருக்கேன். கிடைக்கலைன்னா போயிடறேன். எத்தனை வருஷம்தான் கறிக்கடைக்கு ஓட்டிக்கிட்டே இருக்கிறது?"

"போ," என்றாள் பெரியவள். "தட்டைக் கழுவி வச்சிட்டுப் போ."

சொல்லிவிட்டாளே தவிர அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதிவு என்பது பழைய இனங்களைக் காப்பதற்கென்று இருக்கும் சங்கம் தருவது. சங்கத்திலிருந்து ஒருவர் வந்து தாய்ப்பன்றியைப் பார்த்து, இது கலப்பில்லாத இனம் என்று எழுதிக்கொடுத்தால், அதன் குட்டிகள் கத்திக்குப் போகாமல் இனவிருத்திக்குப் போகும். இத்தனை வருஷம் அந்தச் சங்கத்தை அவள் "காகிதம் மேய்கிற கழுதைகள்" என்று சொல்லி வந்தாள். மேட்டுப் பண்ணையில் இதே இனத்தை வளர்க்கும் தொப்பிக்காரன் பதிவு வாங்கிக் கதவில் தகடு மாட்டியபோது, "பன்னி சுத்தமான்னு கேக்க வந்தவன் தரை சுத்தமான்னு பாத்துட்டுப் போயிருக்கான்," என்று சிரித்தாள். தொப்பிக்காரன் கொட்டிலுக்கு டைல்ஸ் போட்டிருந்தான். அப்படிச் சிரித்தவள், தம்பி போகிறேன் என்ற மறுநாள் விடிந்ததும் கழுதைக்கு விண்ணப்பம் போட்டாள். தம்பிக்காகத்தான் போடுகிறோம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் சதை ஆடியதை அவள் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

வருகிறேன் என்று சங்கத்துக்காரர் நாள் குறித்ததும் பெரியவள் செய்த முதல் காரியம், சேற்றுக்குழியை மூடச் சொன்னது.

"இந்த வெயில்லயா?" என்றான் சின்னவன். "சேறு இல்லாம அதுங்க என்னக்கா பண்ணும்?"

"எனக்கே பன்னி வளக்கச் சொல்லித் தர்றியா?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பன்றிக்கு வியர்க்காது. கோடையில் சேறுதான் அதற்குக் குடை, சேறுதான் சட்டை. உடம்பில் சேறு காய்ந்திருந்தால் வெயில் தோலுக்குப் போகாது. இதைப் பெரியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "ஐயோ பாவம், எவ்வளவு அழுக்கு" என்று உச்சுக்கொட்டும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்தியவள் அவள்தான். இருந்தும் மூடச் சொன்னாள். ஒரு மனுஷி தன் சொந்த அறிவைத் தானே குழிவெட்டிப் புதைப்பதைத் தம்பி மண்வெட்டியோடு நின்று பார்த்தான். பிறகு மண்ணைத் தள்ளினான்.

இப்போது அத்தை சோப்பு நுரையில் நின்றது. பின்கட்டில் தொட்டியில் செருகிய குழாயால் கழுவிவிட்டதும் கறுப்பு பளபளவென்று வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவளுக்கு அது போதவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சமையல் எண்ணெயை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் ஊற்றி முதுகு, பிட்டம், காதின் வெளிப்பக்கம் என்று தடவினாள். எண்ணெய் தடவிய எதையும் சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பது அடுப்பு பற்றவைத்த யாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவளுக்கு மினுமினுப்பு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பேருமாகப் பலகையை வைத்து மறித்து மறித்து அத்தையை வாசல் கேட்டுக்கு அருகே ஓட்டி வந்தார்கள். அங்கே இரும்புத் தட்டிகளை நிறுத்தி ஒரு சின்ன அடைப்புப் போட்டிருந்தாள். வருகிறவர் காரிலிருந்து இறங்கியதும் பார்த்துவிடலாம், கொட்டில் பக்கம் வந்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. தரையில் புது மணல் பரப்பியிருந்தது. காலையில் அங்கே மதில் நிழல் இருந்தது. காலையில் வருவதாகத்தான் அவரும் சொல்லியிருந்தார்.

நிழல் மதிலோடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாகியது. பிறகு இல்லாமல் போனது. பெரியவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். சாலை வெறிச்சென்று பளபளத்தது. கைப்பேசி அடித்தது.

"கொஞ்சம் தாமதமாகும்மா," என்றார் சங்கத்துக்காரர். பின்னால் தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம். "இங்க மேட்டுப் பண்ணையில சாப்பிட்டுத்தான் போகணும்னு ஒரே பிடிவாதம். சாப்பிட்டதும் வந்துடறேன்."

"மெதுவா வாங்க சார்," என்றாள் பெரியவள். இந்தக் குரலை அவள் யாரிடமும் பயன்படுத்தியதில்லை, அவளுக்கே அது புதுச்செருப்பு மாதிரி கடித்தது. வைத்ததும், "தின்னு தின்னு. தொப்பிக்காரன் வீட்டுச் சோறு, தொப்பையோட வா," என்றாள்.

அடுப்படி ஜன்னலில் சின்னவன் நின்றிருந்தான். "உள்ள ஓட்டிடட்டுமா?"

"உள்ள போனா அசிங்கத்துல புரளும். மறுபடி யார் கழுவறது, உங்க கம்பெனிக்காரனா? இரு."

அவன் ஜன்னலை விட்டுப் போகவில்லை.

அத்தை முதலில் மணலைக் கிளறிப் பார்த்தது. அடியிலும் சூடு. குடிக்க வைத்த தொட்டியைக் கவிழ்த்து, ஈரமான இடத்தில் மோவாயை வைத்தது. அந்த ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. பிறகு எழுந்து தட்டியோரமாகச் சுற்றி வந்தது. முனகல் நின்றுவிட்டது. அத்தை முனகாமல் இருந்து பெரியவள் பார்த்ததில்லை, அப்போதே அவள் திரும்பியிருக்க வேண்டும். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரனின் சாப்பாட்டு மேஜையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தட்டி ஒன்று கணகணவென்று அதிர்ந்ததும்தான் திரும்பினாள். அத்தை வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் நுரை. பின்னங்கால்கள் இரண்டும் யாருடையவோ போலத் தனியே நடந்தன. ஒருபக்கமாகச் சாய்ந்து, தட்டியையும் சாய்த்துக்கொண்டு, மணலில் விழுந்தது.

"டேய்," என்று கத்தினாள் பெரியவள். "எருமை, பாத்துக்கிட்டா நிக்கிற?"

சின்னவன் அதற்குள் தார்ப்பாயோடு ஓடிவந்துகொண்டிருந்தான். அவ்வளவு எடையை இரண்டு பேர் தூக்க முடியாது. தட்டிகளின் மேல் தார்ப்பாயை இழுத்து நிழல் போட்டார்கள். பின்கட்டுக் குழாய் கேட் வரைக்கும் எட்டாது. சின்னவன் தொட்டிக்கும் கேட்டுக்குமாக வாளியோடு ஓடினான். தண்ணீரை ஒரேயடியாகத் தலையில் கொட்டினால் அதிர்ச்சியில் உயிர் போய்விடும். துண்டை நனைத்துக் காதில், தொடையிடுக்கில், அடிவயிற்றில் போட்டுப் போட்டு எடுத்தாள் பெரியவள். எண்ணெய்ப் பிசுக்கில் தண்ணீர் நிற்காமல் உருண்டது. மணலை அள்ளி அப்பினாள், அதற்கு மேல் தண்ணீர், அதற்கு மேல் மண். கை ஒரு பக்கம் வேலை செய்ய, வாய் இன்னொரு பக்கம் ஓடியது. வாளி பாதிதான் இருக்கிறதாம். மெதுவாக வருகிறானாம். கல்லுக்கும் மண்ணுக்கும் இருக்கிற புத்தி அவனுக்கு இல்லையாம். அவன் ஓடினான், வந்தான், ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஒரே நிறமாகிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கார் வந்து நின்றது.

சங்கத்துக்காரர் கண்ணாடியை இறக்கினார். குளிர்ந்த காற்றும் சாப்பாட்டு வாசனையும் சேர்ந்து வந்தன. இறங்கினார். வெள்ளை ஷூ. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, ஷூவைப் பார்த்து, சேற்றைப் பார்த்து, அத்தையைப் பார்த்தார்.

"இதுதானா?"

பெரியவள் எழுந்தாள். முழங்கை வரை சேறு. கன்னத்தில், முடியில், எங்கும். பதிவு போயிற்று என்று நினைத்தாள். வாயில் வந்த வசவை, தம்பி பக்கத்தில் நிற்பதால் விழுங்கிக்கொண்டு, "ஆமா சார்," என்றாள்.

"அடடா," என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "இப்படித்தாம்மா இருக்கணும். சேத்துல விட்டிருக்கீங்க பாருங்க, அதான் பன்னி வளக்கறது. அங்க மேட்டுல டைல்ஸ் போட்டுக் கெடுத்து வச்சிருக்கார். அவருக்கிட்ட சொல்ல முடியுமா, சாப்பாடு போட்டுட்டாரே." சிரித்தார். கேட்டின் மேல் எட்டிக் காது தொங்கும் விதத்தைப் பார்த்தார். முடியின் சுருளைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி மடிக்காம்புகளை எண்ணத் தொடங்கினார். "நல்ல வேளை, படுத்திருக்கு. எண்ண வசதியா இருக்கு. நிக்கிற பன்னிக்குக் குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பே போயிடும். நல்லாத் தூங்குது இல்ல?"

"ஆமா சார்," என்றாள் பெரியவள்.

அத்தையின் கண் காதுக்குக் கீழே பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர் காரின் மேல் காகிதத்தை வைத்து, சூடு பொறுக்காமல் கையை உதறிக்கொண்டு, கலப்பில்லாத இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தகடு அடுத்த மாதம் வரும் என்றார். காகிதத்தை வாங்கக் கேட்டுக்குப் போனவள் கையைச் சட்டையில் துடைத்தாள். சட்டை கையைவிட அழுக்கு. அவர் காகிதத்தின் நுனியைப் பிடித்து நீட்டினார், அவள் மறுநுனியைப் பிடித்து வாங்கினாள். கார் போயிற்று.

மூடிய குழி, கொட்டிய சோப்பு, தடவிய எண்ணெய், மென்று விழுங்கிய "சார்". எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. வழக்கம்போல் அத்தையை அதன் பாட்டுக்குச் சேற்றில் விட்டிருந்தால் இந்தக் கழுதை வந்ததுமே சொக்கிப்போய் எழுதிக் கொடுத்திருக்கும். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்த முகத்தோடு தம்பியிடம் திரும்பினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்," என்றான் சின்னவன். வாளியைக் கீழே வைத்தான். "அத்தை எழுந்திரிச்சதும் கிளம்பறேன்க்கா. சாயங்கால பஸ் இருக்கு."

"என்னடா உளர்ற. பதிவுதான் கிடைச்சிடுச்சே."

"கிடைச்சிடுச்சு."

"அப்புறம்?"

அவன் உட்கார்ந்து அத்தையின் காதை மெல்லத் தூக்கி, அடியில் ஈரத்துணியை வைத்தான். அவளைப் பார்க்காமல் பேசினான். "எனக்குத் தெரியும்க்கா, அது விழும்னு. நீ எண்ணெய் தடவறப்பவே தெரியும். நிழல் போனப்ப நான் நேரா வந்து தட்டியைத் தள்ளிவிட்டு ஓட்டிட்டுப் போயிருக்கலாம். நீ திட்டுவேன்னு பயந்து நிக்கல. திட்டு எனக்குப் பழகிடுச்சு. விழட்டும்னு நின்னேன். அந்த ஆள் வர்றப்போ இது விழுந்து கெடக்கணும், உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். அதுக்காக ஜன்னல்லயே நின்னேன். சிரிப்புக்கூட வந்துச்சு." துணியைத் திருப்பிப் போட்டான். "அத்தை எனக்கு என்ன பண்ணுச்சு, சொல்லு. இன்னும் இங்க இருந்தா நானும் உன்ன மாதிரியே ஆயிடுவேன்."

ஜன்னலில் நின்ற அந்த முகத்தைப் பெரியவள் நினைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எல்லாரையும் பார்க்கிற தன் பார்வையை அவள் வெளியிலிருந்து பார்த்ததில்லை. தம்பியின் வழுக்கை மண்டைக்குக் கீழே அது உட்கார்ந்திருந்திருக்கிறது, இவளைப் பார்த்துக்கொண்டு. பயமாக இருந்தது. அவன் போய்விடுவான் என்பது அதைவிடப் பயமாக இருந்தது. ராத்திரி இரண்டு தட்டில் ஒன்று காலியாக இருக்கும். யாரைத் திட்டுவது? பன்றியைத் திட்டலாம், அது சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும்.

இருடா என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து, எளிதாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"வாளியை ஏன் கீழ வச்ச?" என்றாள். "கொண்டா தண்ணி."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

வெயில் சாய்ந்தது. எதிர்ப்பக்கமிருந்து வீட்டின் நிழல் நீண்டு வந்து, தார்ப்பாய் இல்லாமலே அடைப்பை மூடியது. அவன் வாளி வாளியாகக் கொண்டுவந்தான், நடுவில் ஒருமுறை வீட்டுக்குள் போய்ப் பையைக் கட்டிக் கேட்டின் மேல் மாட்டிவிட்டு வந்தான். பெரியவள் அத்தையின் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். சூடு இறங்கியிருந்தது. மூச்சு நிதானத்துக்கு வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் விட்டது. நுரை காய்ந்து போயிருந்தது. பிழைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தபோது நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது, உடனே கலங்கியது. கேட்டின் மேல் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் பின்கட்டிலிருந்து.

"அப்படியேதான் இருக்கு," என்றாள். "இன்னொரு வாளி."

அத்தை தலையைத் தூக்கியது. சேறு ஒட்டிய காதை உதறியது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த முனகல் தொண்டையிலிருந்து கிளம்பியது. முன்னங்கால் ஒன்றை மடக்கி ஊன்றி எழப் பார்த்தது. பெரியவள் அதன் கழுத்தில் முழங்கையை வைத்து அழுத்தினாள். அது மலை, இவள் என்ன செய்வாள்? இரண்டாவது காலையும் ஊன்றியது. பின்கட்டில் வாளி தொட்டியில் மோதித் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. எந்தப் பன்றியானாலும் அடிவயிற்றைச் சொறிந்து கொடுத்தால் படுத்துவிடும், ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அவள் இதுவரை எந்தப் பன்றியையும் கொஞ்சித் தொட்டதில்லை. கையை நீட்டினாள். மடிக்குப் பக்கத்தில், முடி குறைவான இடத்தில், ஐந்து விரலாலும் சொறிந்தாள். அத்தை யோசித்தது. முன்னங்கால்கள் தளர்ந்தன. பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சேற்றில் சரிந்து படுத்தது.

சின்னவன் வாளியோடு வந்து நின்றான். சாலை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"இன்னும் சூடு இறங்கல," என்றாள் பெரியவள், நிமிராமல். குரல் அவளுக்கே சரியாக இல்லை. "மூச்சும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஊத்து."

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். வாளியின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவன் பூட்ஸில் சொட்டியது. அவன் வாளியைச் சாய்க்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அத்தை கண்ணை மூடியபடியே பின்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கி, சொறிவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுத்தது.